கடற்புயலும் மலையடுப்பும்

மலைநாட்டில் வாழ்வார்க்குக் கடல் என்பது தொலைவிலுள்ள ஒரு பொருள். கடற்கரையில் வாழ்வார்க்கு மலையும் அத்தகையதே. குறிஞ்சிக்கும் நெய்தலுக்கும் இடையே முல்லையும் மருதமும் அகன்று கிடத்தலின், ஒன்றன் துயரம் மற்றொன்றைத் தீண்டாது என்றே யாமும் எண்ணியிருந்தோம். அவ்வெண்ணம் பிழையென்பதைச் சேர்வராயன் மலையில் யாம் கழித்த மூன்று நாட்கள் எமக்கு அறிவுறுத்தின.

2024-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களின் இறுதியில், வகுப்புத் தோழர் ஒருவருடைய தமக்கையாரின் திருமணத்தை முன்னிட்டு, யாம் நால்வர் ஏற்காட்டிற்குச் சென்றிருந்தோம். கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 5,000 அடி உயரத்தில், ஏரியும் காடும் ஒருங்கமைந்து, காப்பிச் செடியும் மிளகுக் கொடியும் ஆரஞ்சு மரமும் செறிந்து விளங்கும் அவ்வூரின் வனப்பைப் பலர் முன்னரே எழுதியுள்ளனர். ஆதலின் யாம் அதனை ஈண்டு விரித்திலம். நவம்பர் 30-ஆம் நாள் இரவு, ‘ஃபெஞ்சல்’ என்னும் பெயர் பூண்ட புயல் புதுச்சேரியை அடுத்துக் கரையேறிற்று. கரையேறிய புயல் விரைந்து கழியாது, பல மணி நேரம் அவ்விடத்தே தங்கி, பின்னர் வலி குன்றி மேற்கு நோக்கி நகர்ந்தது. தான் சுமந்துவந்த நீரையெல்லாம் விழுப்புரம், திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம் ஆகிய மாவட்டங்களின்மீது கொட்டிற்று. கடலினின்று நெடுந்தொலைவிலுள்ள ஊத்தங்கரையில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை பெய்தது. ஏற்காட்டிலும் மழை ஓயவில்லை. மலைப்பாதையில் மண்ணும் கல்லும் சரிந்தன, மின்சாரம் நின்றது, கீழிருந்து வரவேண்டிய வண்டிகள் வரவில்லை.

திருமணப் பந்தலுக்குரிய எரிவாயு உருளைகளும் அவ்வண்டிகளோடு அடிவாரத்திலேயே நின்றுவிட்டன. உறவினர் பலர் முன்னரே வந்து கூடியிருந்தனர். தோட்டத்தில் நிழலுக்காக வளர்த்த சில்வர் ஓக் மரத்தின் கிளைகளை வெட்டிக் கொணர்ந்து, கல்லடுப்புக் கூட்டி, ஈர விறகோடு போராடினோம். புகை எழுந்தது; தீ எழவில்லை. அப்பொழுது தோழருடைய ஆயா, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “கடலில் அடித்த காற்றுக்கு மலையில் அடுப்பு அணைவானேன், தம்பி?” என்று எம்மை வினவினார். படித்த பிள்ளைகளாயிற்றே, விடை தெரியாதிருக்குமா என்பது அவர் கருத்து. “பாதை சரிந்தது, ஆயா” என்று சொல்லிவைத்தோம். அவ்விடை உண்மையே, ஆயினும் முழுமையானதன்று. அடுப்பில் எரியும் வாயு எங்கிருந்து வருகின்றது, எவ்வழியாக வருகின்றது, அவ்வழியில் புயல் எங்கெங்குக் காத்திருக்கின்றது என்பவற்றை யாம் அன்று அறிந்திலம். ஊர் திரும்பிய பின் தேடிக் கற்றவற்றை ஈண்டுத் தொகுத்துரைக்கின்றோம்.

எரிவாயு இருவகை

முதற்கண் ஒரு மயக்கத்தை நீக்குதல் வேண்டும். எம் தோழர் இல்லத்திற்கு வரவேண்டிய உருளையில் அடைக்கப்பெறுவது சமையல் எரிவாயு. அது புரொப்பேன், பியூட்டேன் என்னும் இரண்டன் கலவை. நாம் வாழும் வெப்பநிலையிலேயே ஓரளவு அழுத்தினால் அது நீர்மமாகிவிடும். ஆதலின் இரும்புருளையில் அடைத்து வீடுதோறும் அனுப்புதல் எளிதாயிற்று. அது காற்றினும் கனமானது. கசிந்தால் தரையிற் படியும்.

இயற்கை எரிவாயு என்பது வேறு. அதன் பெரும்பகுதி மீத்தேன். அது காற்றினும் இலேசானது. எத்துணை அழுத்தினும் சாதாரண வெப்பநிலையில் அது நீர்மமாகாது. சுழிக்குக் கீழ் 162 பாகை செல்சியசு வரை குளிர்வித்தல் வேண்டும். மார்கழி மாதத்து ஏற்காட்டுக் குளிருக்கே கம்பளி தேடும் நமக்கு, அக்குளிர் கற்பனைக்கும் எட்டாதது. அவ்வாறு குளிர்விக்கப்பெற்ற வாயு ஏறத்தாழ 600-இல் ஒரு பங்காகச் சுருங்கும். அஃதாவது, 600 குடம் வாயு ஒரு குடம் நீர்மத்தில் அடங்கும். இச்சுருக்கம் ஒன்றே அதனைக் கப்பலேற்றிக் கடல்கடந்து விற்பதற்கு வழிவகுத்தது. இதனையே ‘எல்.என்.ஜி.’ என்று வணிகர் வழங்குவர். திரவ இயற்கை எரிவாயு என்பது அதன் பொருள்.

சமையல் வாயுவாயினும் இயற்கை வாயுவாயினும், நம் நாடு தன் தேவையில் பெரும்பங்கைக் கப்பல் வழியே பெறுகின்றது. இயற்கை வாயுவில் ஏறத்தாழப் பாதி வெளிநாட்டிலிருந்து வருவதே. இயற்கை வாயு எம் தோழர் வீட்டு அடுப்பிற்கு இன்னும் நேரே வந்திலது. ஆயினும் மற்றொரு வாயிலாக அவ்வீட்டினுள் நுழைந்தே இருக்கின்றது. அதனைப் பின்னர்க் காட்டுவோம்.

குளிர் காக்கும் கலம்

நிலத்தடியிலிருந்தோ கடலடியிலிருந்தோ எடுத்த வாயு, குழாய் வழியே கரைக்கு வரும். அதிலுள்ள கரியமில வாயு, நீர், பாதரசம் முதலிய மாசுகள் நீக்கப்பெறும். பின்னர்ப் பெரும் பொறிகளால் படிப்படியாகக் குளிர்விக்கப்பெற்று, நீர்மமாகித் தொட்டியில் விழும். தொட்டியிலிருந்து துறைமேடையின் வழியாகக் கப்பலுக்குச் செல்லும். இஃது ஏற்றுமதித் துறை. இறக்குமதித் துறையில் இவையனைத்தும் தலைகீழாக நிகழும். கப்பலிலிருந்து தொட்டிக்கு இறங்கிய நீர்மம், வெப்பமூட்டப்பெற்று மீண்டும் வாயுவாகி, குழாய் வழியே ஊர்களுக்குப் போகும்.

அத்தொட்டியின் அமைப்பு அறியத்தக்கது. உள்ளே நிக்கல் கலந்த எஃகுச் சுவர். வெளியே திண்ணிய கான்கிரீட்டுச் சுவர். இடையே வெப்பம் புகாத பொருள். சாதாரண இரும்பு அக்குளிரில் கண்ணாடி போல் உடையுமாதலின் நிக்கல் வேண்டப்படுகின்றது. எத்துணைக் காப்பிருப்பினும் சிறிதளவு வெப்பம் உள்ளே புகுந்துகொண்டேயிருக்கும். அதனால் நீர்மத்தில் ஒரு சிறு பகுதி ஓயாது ஆவியாகும். அவ்வாவியே எஞ்சிய நீர்மத்தைக் குளிர்ச்சி குன்றாமற் காக்கின்றது. நம் வீட்டு மண்பானையில் நீர் கசிந்து ஆவியாகுந்தோறும் உள்ளிருக்கும் நீர் குளிர்தல் போன்றது இது. ஆயின் ஒரு வேற்றுமை உண்டு. பானையின் ஆவி வெளியே போய்விடும். தொட்டியின் ஆவியோ வெளியே விடத்தக்கதன்று. அதனைப் பொறிகளால் இழுத்து அழுத்திப் பயன்படுத்துதல் வேண்டும். பொறி இயங்க மின்சாரம் வேண்டும். மின்சாரம் நின்றுவிட்டால், உயர்ந்த குழாயின் நுனியில் அவ்வாவியை எரித்துத் தீர்ப்பதன்றி வேறு வழியில்லை. ஆகவே, இந்நிலையத்தை நெல் கொட்டிவைத்த களஞ்சியம் போலப் பூட்டிவிட்டுப் போதல் இயலாது. புயல் நாளிலும் அதற்கு ஆள் வேண்டும், மின்சாரம் வேண்டும்.

புயலின் நான்கு கைகள்

‘சைக்கிளோன்’ என்னும் ஆங்கிலப் பெயரே வங்கக் கடலிலிருந்து பிறந்தது. கல்கத்தாவில் வாழ்ந்த ஹென்றி பிடிங்டன் என்பார், சுருண்ட பாம்பைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லினின்று அதனை ஆக்கி, 1848-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் வழங்கினார். அப்பாம்பு எரிவாயுத் துறையை நான்கு வகையால் தீண்டும்.

முதலாவது காற்று. எரிவாயுக் கப்பல்கள் நீரின் மேல் மிக உயர்ந்து நிற்பவை. அவற்றின் அகன்ற பக்கங்கள் பாய்மரம் போற் காற்றை ஏற்பவை. துறையில் கட்டியிருக்கும் கப்பலைப் புயற்காற்று மேடைமீது மோதவும் கூடும். வடங்களை அறுக்கவும் கூடும். ஆதலின் புயல் வருமுன் கப்பல்கள் துறையை விட்டு ஆழ்கடலுக்குப் போய்விடும். கரையிலிருக்கும் நமக்கு இது வியப்பாகத் தோன்றலாம். ஆயினும் கப்பலுக்குப் புயலில் அகன்ற கடலே துறையினும் பாதுகாப்பானது.

இரண்டாவது கடற்பெருக்கு. புயலின் நடுவே காற்றழுத்தம் குறைதலாலும், காற்று நீரைக் கரை நோக்கித் தள்ளுதலாலும், கடல்மட்டமே உயர்ந்து நிலத்தினுட் புகும். நம் கீழைக் கரையில் புயல் கரையேறும் இடத்திற்கு வடபுறத்தில் காற்று கடலிலிருந்து கரைக்கு வீசுமாதலின், பெருக்கும் அப்பக்கத்தே மிகும்.

மூன்றாவது மழை. கடல் உயர்ந்திருக்குங்கால் ஆற்றுவெள்ளம் கடலிற் சேர வழியின்றித் தேங்கும். முகத்துவாரங்களில் அமைந்த தொழிலிடங்கள் மேலிருந்து வரும் நீருக்கும் கீழிருந்து ஏறும் நீருக்கும் இடையே அகப்படும்.

நான்காவது கை புயல் போன பின்னரே நீளும். மின்கம்பங்கள் வீழ்ந்திருக்கும்; கப்பற்கால்வாயில் மணல் தூர்ந்திருக்கும்; தொழிலாளர் வீடிழந்திருப்பர். தொட்டி பழுதின்றி நிற்க, அதனைச் சுற்றியுள்ள உலகம் பழுதுற்றிருக்கும். அண்மைக் காலத்து நிகழ்ச்சிகளை ஆராயுங்கால், இந்நான்காவதே நெடுநாள் துன்பம் விளைப்பது என்று அறிகின்றோம்.

கண்ட சான்றுகள்

2007-ஆம் ஆண்டு சூன் திங்களில் ‘கோனு’ என்னும் புயல் அரபிக் கடலில் தோன்றி ஓமான் நாட்டைத் தாக்கியது. அந்நாட்டின் எரிவாயு ஏற்றுமதி நிலையம் சூர் நகரை அடுத்த கல்ஹாத்தில் உள்ளது. பாதைகள் வெள்ளத்தால் அறுந்தமையின், அந்நிலையத்தை அணுகுதலே அரிதாயிற்று, ஏற்றுமதியும் தடைப்பட்டது. ஏற்காட்டில் அடுப்பணைந்ததற்கும் கல்ஹாத்தில் கப்பல் நின்றதற்கும் காரணம் ஒன்றே என்பதை நோக்குக: வாயு இருந்தது, வழி இல்லை.

2020-ஆம் ஆண்டு ஆகத்து 27-ஆம் நாள், ‘லாரா’ என்னும் சூறாவளி, மணிக்கு ஏறத்தாழ 240 கிலோமீட்டர் வேகத்தில், அமெரிக்க நாட்டு லூசியானாவின் கேமரன் என்னும் ஊரை அடுத்துக் கரையேறிற்று. கடல் பத்தடிக்கு மேல் உயர்ந்தது. கேமரன் ஏற்றுமதி நிலையத்தின் பொறிகள் பெருஞ்சேதமின்றித் தப்பின. ஆனால் அந்நிலையத்திற்கு மின்சாரம் கொணரும் கம்பிகள் சிதைந்தமையால், அது ஒரு திங்களுக்கு மேல் வேலையின்றிக் கிடந்தது. அண்மையிலுள்ள சபைன் பாஸ் நிலையமும் ஆட்களை வெளியேற்றித் தொழிலை நிறுத்தியது. அச்சபைன் பாஸ் நமக்கு அயலான ஊரன்று. அங்கிருந்து ஆண்டுதோறும் 35 இலட்சம் டன் வாயுவைப் பெறுவதற்கு இந்திய அரசின் ‘கெயில்’ நிறுவனம் இருபதாண்டு உடன்படிக்கை செய்திருக்கின்றது. அவ்வுடன்படிக்கையின் முதற்கப்பல் 2018-ஆம் ஆண்டு மார்ச்சு 30-ஆம் நாள் மகாராட்டிரத்துத் தபோல் துறையை அடைந்தது. 2024-ஆம் ஆண்டு சூலையில் ‘பெரில்’ என்னும் சூறாவளி டெக்சாசைத் தாக்கியபோது ஃபிரீபோர்ட்டு நிலையம் முன்னெச்சரிக்கையாக மூடப்பெற்றது. பின்னர்க் குளிர்விக்கும் விசிறிகளில் பழுது கண்டு, சிறிது சிறிதாகவே திறக்கப்பெற்றது.

ஈண்டு ஓர் உண்மையை ஊன்றி நோக்குதல் வேண்டும். ஏற்றுமதித் துறைக்கு நிறைதலே கேடு; இறக்குமதித் துறைக்குக் குறைதலே கேடு. கப்பல் வாராவிடின் ஏற்றுமதித் துறையின் தொட்டி நிறைந்துகொண்டே போகும். நிறைந்துவிட்டால் குளிர்விக்கும் பொறியை நிறுத்துதல் வேண்டும். பொறி நின்றால் குழாயில் வரும் வாயுவையும், ஈற்றில் கிணற்றையுமே அடக்குதல் வேண்டும். இறக்குமதித் துறையிலோ தொட்டி வற்றிக்கொண்டே போகும். ஆகவே ஒரே புயல், ஒரு கரையில் வாயு மிகுதியால் துன்பத்தையும், மற்றொரு கரையில் வாயுவின்மையால் துன்பத்தையும் விளைக்க வல்லது.

இத்துன்பத்தின் அளவு காலத்தைப் பொறுத்தது. 2020-ஆம் ஆண்டில் பெருந்தொற்றால் உலகெங்கும் தேவை குன்றியிருந்தது; ஆதலின் லாராவின் அடியை உலகம் எளிதில் தாங்கிற்று. 2022-ஆம் ஆண்டிலோ நிலைமை வேறு. அவ்வாண்டு சூனில் ஃபிரீபோர்ட்டு நிலையம் ஒரு தீ விபத்தால் மூடப்பெற்றது. புயலன்று, தீயே காரணம். அக்காலத்து ஐரோப்பா உருசிய வாயுவை இழந்து தவித்துக்கொண்டிருந்தது. ஒரு நிலையம் மூடிய செய்தி கேட்டளவில் ஐரோப்பாவில் விலை உயர்ந்தது. செல்வ நாடுகள் உயர்ந்த விலை கொடுத்துக் கப்பல்களைத் தம்பால் திருப்பிக்கொள்ள, அவ்விலை கொடுக்கவியலாத நாடுகள் பின்னே நின்றன. புயல் அடிக்கும் கரை ஒன்று. அதன் விலையைக் கொடுக்கும் கரை வேறொன்று.

நம் கரை

இனி நம் நாட்டிற்கு வருவோம். சென்னைக்கு வடக்கே எண்ணூரில், காமராசர் துறைமுகத்தின்கண், 2019-ஆம் ஆண்டில் ஓர் எரிவாயு இறக்குமதி நிலையம் தொழிற்படத் தொடங்கியது. இந்தியாவின் கீழைக் கரையில் இத்தகைய நிலையம் இதுவே முதலாவது. ஆண்டொன்றுக்கு 50 இலட்சம் டன் கையாளும் ஆற்றலுடையது. ஒவ்வொன்றும் 1,80,000 கனமீட்டர் கொள்ளும் இரு தொட்டிகளை உடையது. ஒடிசாவின் தாம்ராவில் மற்றொன்று 2023-ஆம் ஆண்டில் திறக்கப்பெறும்வரை, கீழைக் கரை முழுமைக்கும் இஃதொன்றே வாயிலாக இருந்தது.

எண்ணூரோ புயல் அறியாத இடமன்று. 2016-ஆம் ஆண்டு திசம்பர் 12-ஆம் நாள் ‘வர்தா’ புயல் சென்னையை அடுத்தே கரையேறி, மரங்களையும் மின்கம்பங்களையும் ஆயிரக்கணக்கில் சாய்த்தது. 2023-ஆம் ஆண்டு திசம்பரில் ‘மிக்சாம்’ புயல் ஆந்திரத்துப் பாபட்லாவில் கரையேறியது. கரையேறுமுன் சென்னையை ஒட்டி நின்று இரண்டு நாள் மழை பொழிந்தது. அவ்வெள்ளத்தில், மணலித் தொழிற்பகுதியிலிருந்து எண்ணெய் கலந்த நீர் எண்ணூர்க் கழிமுகத்தில் பரவிற்று. மீனவர் படகும் வலையும் கறுத்தன. அலையாத்தி மரங்களின் வேர்கள் எண்ணெய் படிந்து நின்றன. பல நாள் கடலுக்குச் செல்லவியலாது மீனவர் வருந்தினர். அஃது எரிவாயுவால் விளைந்த கேடன்று, எண்ணெயால் விளைந்தது. எரிவாயு நீரிற் சிந்தினால் ஆவியாகிப் போய்விடும். எண்ணெய் போற் படியாது. ஆயினும், புயல் நாளில் ஒரு தொழிலிடத்தின் கேடு அதன் மதிலுக்குள் நிற்பதில்லை என்னும் பாடம் இரண்டிற்கும் பொதுவே.

மேலைக் கரையின் இடர் வேறுவகை. அங்கே தென்மேற்குப் பருவக்காற்றே ஆண்டுதோறும் வரும் பகை. தபோல் நிலையம் அலைதடுப்புச் சுவர் முற்றுப்பெறாமையால், பல்லாண்டுகள் மழைக்காலத்தில் கப்பலை ஏற்கவியலாது மூடிக் கிடந்தது. எத்துணைப் பொருள் செலவிட்டுத் தொட்டியும் பொறியும் அமைப்பினும், கல்லால் ஆன ஒரு சுவர் இன்மையால் ஆண்டில் மூன்றிலொரு பங்கு வீணாயிற்று.

மலைக்கு வரும் வழி

இனி, இயற்கை வாயு மலைவீட்டினுள் நுழைந்த வாயிலைக் காட்டுவோம். சேலத்துச் சாலைகளில் ‘சி.என்.ஜி.’ என்னும் பலகை தாங்கிய நிலையங்களில் வண்டிகள் வாயு நிரப்பிக்கொள்வதைப் பலரும் கண்டிருப்பர். அதனினும் பெரிது உரம். யூரியா செய்வதற்கு மூலப்பொருள் மீத்தேனே. மணலியிலுள்ள மெட்ராஸ் உரத் தொழிற்சாலை, 2019-ஆம் ஆண்டில் நாப்தாவை விடுத்து எண்ணூர் வாயுவிற்கு மாறியது. சேலம் மாவட்டத்து மரவள்ளிக் கொல்லைக்கும் நெல்வயலுக்கும், ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்திற்கும் வேண்டும் தழைச்சத்து, இவ்வாறு கடலோரத்துக் குளிர்த்தொட்டியோடு பிணைப்புண்டிருக்கின்றது. சேலத்து ஜவ்வரிசி தின்பார் எவரும் அத்தொட்டியை நினைப்பதில்லை, யாமும் நினைத்திலம்.

ஒரு துறை புயலால் மூடப்பெறின் மற்றொரு துறையிலிருந்து வாயு வருதல் வேண்டும். அதற்குக் குழாய் வேண்டும். குழாயில்லாத துறை கயிறில்லாத கிணற்றை ஒக்கும். கொச்சி நிலையம் 2013-ஆம் ஆண்டிலேயே ஆயத்தமாயினும், அங்கிருந்து மங்களூருக்குச் செல்லும் குழாய்ப்பாதை 2021-ஆம் ஆண்டு சனவரியிலேதான் திறக்கப்பெற்றது. அதுவரை அந்நிலையத்தின் ஆற்றலிற் சிறுபகுதியே பயன்பட்டது. கொச்சியிலிருந்து பெங்களூருக்குச் செல்லவேண்டிய குழாய், கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு, நாமக்கல், சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய ஏழு மாவட்டங்களின் விளைநிலங்களூடே செல்வதாக வகுக்கப்பெற்றது. உழவர் எதிர்த்தனர். நெடுஞ்சாலை ஓரமாகக் கொண்டு செல்க எனத் தமிழக அரசு 2013-இல் ஆணையிட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று, 2016-ஆம் ஆண்டு பிப்ரவரியில் குழாய் அமைக்கும் நிறுவனத்தின் பக்கம் தீர்ப்பாயிற்று.

ஈண்டு எவர் பக்கம் நியாயம் என்று தோழர் எம்மைக் கேட்பாராயின், விடை எளிதன்று. குழாய் புதைத்த நிலத்தில் தென்னை வைத்தலாகாது, வீடு கட்டலாகாது, கிணறு தோண்டலாகாது. இரண்டு ஏக்கர் உடையான் ஒருவனுக்கு அவ்விழப்பு சிறிதன்று. மற்றொரு பக்கம், கீழைக் கரையின் துறை புயலால் அடைபட்ட நாளில் மேலைக் கரையிலிருந்து வாயு வருவதற்கு அக்குழாயே வழி. நாட்டிற்கு வேண்டும் காப்பிற்காக ஒருவன் நிலத்தை இழப்பானாயின், அவ்விழப்பை நாடு முழுவதும் பகிர்ந்துகொள்ளுதல் வேண்டும் என்பது எம் கருத்து. காப்பின் பயன் அனைவர்க்கும், காப்பின் விலை ஒருவனுக்கே என்பது அறமாகாது.

காக்கும் வழிகள்

இவ்விடர்களைக் காத்துக்கொள்ளும் வழி உண்டோ எனின், உண்டு. ஆத்திரேலியாவின் மேலைக் கரையை அடுத்துப் பாரோ என்னும் சிறுதீவு இருக்கின்றது. 1996-ஆம் ஆண்டு ஏப்பிரல் 10-ஆம் நாள் ‘ஒலிவியா’ புயலின்போது அங்கே மணிக்கு 408 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசியது. சுழல்காற்றுத் தூண்களை நீக்கி நோக்கின், நிலவுலகில் கருவியால் அளக்கப்பெற்ற காற்றுகளுள் இதுவே தலையாயது என உலக வானிலை நிறுவனம் பின்னர் உறுதி செய்தது. அத்தீவிலேயே பெரியதோர் எரிவாயு ஏற்றுமதி நிலையம் அமைக்கப்பெற்று, 2016-ஆம் ஆண்டில் முதற்கப்பல் புறப்பட்டது. புயலை அஞ்சி ஓடாமல், அதன் வலிமையை அளந்தறிந்து கட்டுதல் இயலும் என்பதற்கு இது சான்று.

அளந்தறிதலே காப்பின் தொடக்கம். நம் துறைமுகங்களில் ஏற்றப்பெறும் புயற்கூண்டுகளைப் பற்றிச் செய்தித்தாளில் படிக்கின்றோம். எண் ஒன்று முதல் பதினொன்று வரை அவை உள்ளன. முதல் இரண்டு, தொலைவிற் கடலில் புயற்சின்னம் உண்டென்பதைக் குறிப்பன. எட்டு முதல் பத்து வரை பேரிடரைக் குறிப்பன. பதினொன்றாம் எண்ணோ மற்றவற்றினும் பொருளாழம் உடையது. வானிலை நிலையத்தோடு செய்தித் தொடர்பே அறுந்துவிட்டது என்பதே அதன் பொருள். காற்றின் கொடுமையினும் செய்தியற்ற நிலைமை கொடியது என்பதை நம் முன்னோர் உணர்ந்தே அதனை ஈற்றில் வைத்தனர் போலும்.

இனி வேண்டுவன இவை. துறையின் மின்சாரம் வெளிக்கம்பிகளை மட்டும் நம்பியிருத்தலாகாது. இறக்குமதித் தொட்டிகள், புயற்பருவம் தொடங்குமுன் போதிய இருப்பைக் கொண்டிருத்தல் வேண்டும். துறைகள் குழாயால் ஒன்றோடொன்று இணைதல் வேண்டும். கழிமுகத்து அலையாத்திக் காடுகளை அழித்துவிட்டுக் கல்மதில் எழுப்புதல், உள்ள காவலாளியை நீக்கிவிட்டுப் புதியவனைத் தேடுதல் போலாம். ஆதலின் அக்காடுகள் பேணப்பெறுதல் வேண்டும். எல்லாவற்றினும் முதலாக, துறையை அடுத்து வாழும் மீனவர்க்கு, அங்கே என்ன இருக்கின்றது, கேடு நேரின் எப்பக்கம் போதல் வேண்டும் என்பது அவர்தம் மொழியில் முன்னரே சொல்லப்பெறுதல் வேண்டும்.

மற்றொன்றும் மறைத்தற்குரியதன்று. எரிக்காது கசிந்த மீத்தேன், இருபதாண்டுக் கணக்கில் நோக்கின், கரியமில வாயுவினும் எண்பது மடங்கு அளவில் உலகை வெப்பப்படுத்தும். வெப்பமுற்ற கடல் புயலுக்கு உணவு. நாம் எரிப்பதும் கசியவிடுவதும் கடலைச் சூடாக்க, அக்கடல் எழுப்பும் புயல் நம் துறையையே வந்து தாக்குகின்றது. நிலக்கரியினும் புகை குறைந்தது எரிவாயு என்பது மெய். அதனை முற்றும் கைவிடுதல் இன்று இயலாதென்பதும் மெய். ஆயினும் என்றைக்கும் அதனையே நம்பியிருத்தல் அறிவுடைமையன்று. ஒரே வழியை நம்பிய வீட்டில் அவ்வழி அடைபட்டால் என்ன நேரும் என்பதைச் சேர்வராயன் மலையில் யாம் கண்ணீரோடு கண்டோம். புகையால் வந்த கண்ணீரேனும் அது கண்ணீரே.

முடிவுரை

அன்று பிற்பகல், பக்கத்துத் தோட்டத்தார் ஒருவர் காய்ந்த காப்பி விறகு கொடுத்துதவினார். சோறு வெந்தது, பந்தி நடந்தது, திருமணமும் இனிது முடிந்தது. மறுநாள் பாதை திறந்த பின் உருளைகள் வந்து சேர்ந்தன. அப்பொழுது அவை வேண்டப்படவில்லை.

இவ்வாண்டு விடுமுறையில் யாம் மீண்டும் ஏற்காடு சென்றோம். ஆயாவிடம் அவர்தம் வினாவிற்கு இப்பொழுது விடை கொணர்ந்திருக்கின்றோம் என்று கூறி, மேற்கூறியவற்றையெல்லாம் எளிய சொற்களில் எடுத்துரைத்தோம். பொறுமையோடு கேட்டபின் அவர், “அப்படியானால் கடலோரத்தில் இருக்கிறவர்கள் நன்றாயிருந்தால்தான் நம் அடுப்பு எரியும் என்கிறாய்” என்றார். யாம் பல பக்கங்களில் எழுதியதை அவர் ஒரு வரியில் முடித்துவிட்டார். வீட்டின் பின்புறம், தாழ்வாரத்தின்கீழ், நனையாத இடத்தில், ஆளுயரத்திற்குக் காய்ந்த விறகு அடுக்கப்பெற்றிருந்ததையும் அன்று கண்டோம்.